இங்கிலாந்தின் மண்கோட்டைகள்: முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் கோட்டை என்றால் வின்ட்சரும் டோவரும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து 1066இல் வந்திறங்கிய நார்மன்கள் அடுத்த சில தலைமுறைகளில் கட்டிய கோட்டைகளில் பெரும்பாலானவை மண்ணும் மரமும்தான். மரம் மக்கிவிட்டது. மண் இன்னும் கிடக்கிறது: ஆடு மேயும் புல்வெளியில், ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால், சில இடங்களில் யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்தின் கோடியில்.

இவற்றுக்குப் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு கிடையாது. பல இடங்களில் விளக்கப் பலகைகூட இருக்காது. போய் நின்றால் ஒரு மேடும் நாலைந்து பள்ளங்களும்தான் கண்ணில் படும். அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பியவர்கள் நிறையப் பேர். மண்கோட்டையைப் பார்க்க ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: இந்த மேட்டுக்கான மண் எங்கிருந்து வந்தது? மற்றதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாக விரியும்.

எதைத் தேடுகிறோம்

மோட் என்பது உச்சி தட்டையான செயற்கை மண்குன்று. கவிழ்த்து வைத்த கூடையின் வடிவம். அதன் மேல் மரக்கோபுரமோ, சுற்றிலும் மரவேலியோ இருந்திருக்கும். குன்றின் காலடியில் கரையும் அகழியும் சூழ்ந்த முற்றம் இருக்கும். அதற்குப் பெயர் பெய்லி. மண்டபம், சமையற்கட்டு, லாயம், சிறு வழிபாட்டுக் கூடம் எல்லாம் அங்கேதான். மோட்டுக்கும் பெய்லிக்கும் நடுவிலும் பெரும்பாலும் ஓர் அகழி ஓடும். இந்த வகைக் கோட்டைகள் இங்கிலாந்தில் சுமார் 600 பதிவாகியிருக்கின்றன. குன்று இல்லாமல் வட்டக் கரையும் அகழியும் மட்டும் உள்ளவை ரிங்வொர்க். அவை எண்ணிக்கையில் குறைவு.

நார்மன் படையெடுப்பைத் துணியில் தைத்துக் காட்டும் பாயூ திரைச்சீலையில், ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரின் மோட்டை ஆட்கள் மண்வெட்டியால் எழுப்பும் காட்சி உண்டு. குன்று பட்டை பட்டையாக வெவ்வேறு நிறத்தில் தைக்கப்பட்டிருக்கும். அது வெறும் அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. அகழ்ந்து பார்த்த சில மோட்டுகளிலும் மண்ணையும் சரளையையும் சுண்ணக்கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பது தெரியவந்திருக்கிறது.

1. வீட்டிலேயே பாதி வேலை

வரைபடத்தில் தொடங்குங்கள். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை, 1:25,000 அளவு, வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ரோமானியர் காலம் தவிர்த்த தொல்லிடங்களின் பெயர்கள் பழைய கோதிக் எழுத்தில் அச்சாகியிருக்கும். 'மோட் அண்ட் பெய்லி' என்றே பல இடங்களில் எழுதியிருக்கும். பச்சைக் கோடிட்ட பொது நடைபாதை அந்த இடத்தைத் தொடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து 19ஆம் நூற்றாண்டின் 25 அங்குல வரைபடம், அதாவது ஒரு மைலை ஏறக்குறைய 25 அங்குலமாகக் காட்டுவது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய வரைபடங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். உழவு இயந்திரங்கள் கரைகளைச் சமப்படுத்துவதற்கு முன்னால் அங்கே என்ன நின்றது என்பதை அவை காட்டிவிடும்.

மூன்றாவது லைடார். விமானத்திலிருந்து லேசர் ஒளியைத் தரைக்கு அனுப்பி உயரத்தை அளக்கும் முறை இது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை எடுத்த 1 மீட்டர் துல்லியத் தரவு எல்லோருக்கும் இலவசம். மரங்களையும் கட்டடங்களையும் நீக்கிய வெறுந்தரை மாதிரியைத் தேர்ந்தெடுத்தால், காட்டுக்குள் மறைந்திருக்கும் அகழிகூடத் தெளிவாகத் தெரியும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து நிழல் படமாக மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவது ஒன்று. நிழல் படத்தில் வெளிச்சம் வழக்கமாக வடமேற்கிலிருந்து விழுவதாக அமைந்திருக்கும். வெளிச்சம் வரும் திசையிலேயே நீளும் கரையும் பள்ளமும் அந்தப் படத்தில் மங்கிப்போகும். சில சமயம் தெரியவே தெரியாது. அதனால் வெளிச்சத்தின் திசையை மாற்றி மாற்றி நான்கு படமாவது எடுங்கள். கூடவே சரிவை மட்டும் காட்டும் படம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திசைச் சிக்கல் இல்லை.

லைடாரில் தெரிவதை ஒரு காகிதத்தில் நீங்களே வரைந்துவிடுங்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற தொல்சின்னப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கும் தேசியப் பாரம்பரியப் பட்டியலின் விளக்கத்தையும், மாவட்டத் தொல்லியல் பதிவேட்டில் உள்ளதையும் அதற்குப் பிறகு படித்தால் போதும் என்பது என் அழுத்தமான கருத்து. முதலிலேயே படித்துவிட்டால் அதில் சொன்னது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், சொல்லாததைத் தேடத் தோன்றாது.

2. சட்டம்

பெரும்பாலான மண்கோட்டைகள் 1979ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்தின்கீழ் பட்டியலிடப்பட்டவை. அங்கே அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். உரிமம் இல்லாமல் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதும் குற்றம். காந்த அளவீடு போன்ற, தரையைத் தொடாத ஆய்வுக்குக்கூட முன்னனுமதி வாங்க வேண்டும். எலி வளை, முயல் பொந்துகளின் வாசலில் கிடக்கும் பானை ஓட்டையும் எடுக்காதீர்கள். கிடக்கும் இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, மாவட்டத்தில் தொல்பொருள் பதிவுக்கென்று இருக்கும் அலுவலருக்கு அனுப்புங்கள்.

பட்டியலில் இருப்பதாலேயே யாரும் உள்ளே போகலாம் என்று ஆகிவிடாது. இடம் தனியாருடையதாக இருந்தால், பொது நடைபாதையை விட்டு விலகுவதற்கு உரிமையாளரிடம் கேட்க வேண்டும். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கூடவே அந்த வயலைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விஷயங்களையும் சொல்வார்கள். கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுவிட்டு வாருங்கள். கன்றோடு பசு நின்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

3. எப்போது போவது

குளிர்காலம். ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. கோடையில் காட்டுப் பெரணியும் செந்தட்டியும் இடுப்பளவு வளர்ந்து அகழியையே மூடிவிடும். குளிர்காலத்தில் புல் தாழ்ந்திருக்கும், சூரியனும் தாழ்ந்திருக்கும். காலையிலும் பிற்பகலிலும் ஒரு சாண் உயரக் கரைகூட நீண்ட நிழல் போடும். லேசான உறைபனி விழுந்த காலை கிடைத்தால் விடாதீர்கள்: வெயில் படும் பக்கம் பனி உருகி, நிழல் விழும் பக்கம் வெண்மையாக நிற்கும்போது தரையின் வடிவம் முழுவதும் வரைந்து வைத்தாற்போலத் தெரியும்.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், 30 மீட்டர் டேப், திசைகாட்டி, பென்சில், மழையில் நனையாத வரைதாள், பத்துப் பதினைந்து மூங்கில் குச்சிகள் இருந்தால் போதும்.

4. ஏறாதீர்கள், சுற்றுங்கள்

குன்றைக் கண்டதும் ஏறத்தான் தோன்றும். முதலில் வெளியே ஒரு முழுச் சுற்று வாருங்கள். மேட்டைவிட்டுப் பள்ளத்தைப் பாருங்கள். மோட்டின் மண் அதன் அகழியிலிருந்து வந்தது. பெய்லிக் கரையின் மண் பெய்லி அகழியிலிருந்து வந்தது. அகழி எவ்வளவு பெரிது, மேடு எவ்வளவு பெரிது என்று கண்ணாலேயே கணக்குப் போடுங்கள். அகழி சிறிதாகவும் மேடு பெரிதாகவும் இருந்தால் விளக்கம் தேட வேண்டும். இயற்கையான பாறை மேட்டின்மேல் மண் போட்டு உயர்த்தினார்களா? பழைய மேடு ஒன்றை எடுத்துக்கொண்டார்களா? அகழி பிற்காலத்தில் தூர்ந்துபோயிற்றா? மாறாக அகழி பெரிதாகவும் மேடு சிறிதாகவும் இருந்தால், மிச்ச மண் எங்கே போயிற்று?

இந்தக் கணக்கை நேரில் கற்றுக்கொள்ள கேம்பிரிட்ஜ்ஷரில் உள்ள பர்வெல்லைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. 1143இல் எசெக்ஸ் பிரபு ஜெஃப்ரி டி மான்டவில், ஸ்டீபன் மன்னருக்கு எதிராகக் கிளம்பி, ஃபென் சதுப்பு நிலத்தைப் புகலிடமாக்கிக்கொண்டு சுற்றுவட்டாரத்தைச் சூறையாடினார். அவரை அடைத்து மடக்க மன்னர் சதுப்பின் விளிம்பில் கோட்டை வரிசை ஒன்றை எழுப்பினார். அதில் ஒன்று பர்வெல். 1144இல் ஜெஃப்ரி அதைத் தாக்க வந்தபோது அம்பு பட்டுக் காயமடைந்து, செப்டம்பரில் இறந்துபோனார். யாருக்காகக் கோட்டை கட்டினார்களோ அவரே போய்விட்டார். வேலை பாதியில் நின்றது.

பர்வெல்லில் மோட் இல்லை. அகன்ற அகழி சூழ்ந்த செவ்வக மேடைதான் இருக்கிறது. அகழியின் ஓரத்தில் நின்று வெளிப்பக்கம் பாருங்கள். ஒழுங்கில்லாத பெரிய மண்குவியல்கள் தெரியும். அவை கரையும் இல்லை, அரணும் இல்லை. அகழி வெட்டியவர்கள் சுமந்து வந்து கொட்டிய மண், பரப்பி முடிக்க ஆளில்லாமல் சுமார் 880 ஆண்டுகளாகக் கொட்டிய இடத்திலேயே கிடக்கிறது. இன்னும் சற்று வெளியே நடந்தால் தாழ்வான நேர்கோட்டு வரப்புகள் வரும். அவை கிராமத்து வீட்டுமனைகளின் பழைய எல்லைகள். அந்த வரப்புகள் குவியலுக்கு அடியில் போய் மறைகின்றன. அதாவது குடியிருப்பு முதலில், கோட்டை பிறகு. மன்னரின் அவசரத்துக்காக அந்த மனைகள் புதைக்கப்பட்டன. இதை எந்த எழுத்தும் படிக்காமல் காலால் நடந்தே தெரிந்துகொள்ள முடிகிறது என்பதற்காகத்தான் இந்தத் துறையை நேசிக்கிறேன். 1935இல் தொல்லியலாளர் டி. சி. லெத்பிரிட்ஜ் அங்கே அகழ்ந்தபோது கற்சுவர்களின் பகுதிகளும் வெளிப்பட்டன.

5. எது முதலில், எது பிறகு

பர்வெல்லில் பார்த்ததுதான் எல்லா இடத்துக்கும் பொருந்தும் முறை: ஒன்றை ஒன்று வெட்டினால் வெட்டியது பிந்தியது, ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் மேலே கிடப்பது பிந்தியது. இரண்டு கோடுகள் சந்திக்கும் இடம் எதுவானாலும் அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். சந்திப்புகளில்தான் வரலாறு இருக்கிறது.

இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில் உங்களுக்கு அதிகம் உதவுவது இடைக்கால உழவின் மேடு பள்ளக் கோடுகள். எருதுகள் பூட்டிய நீண்ட ஏரைத் திருப்ப வசதியாக, அவை லேசாக வளைந்து, தலைகீழான எஸ் எழுத்தைப் போல நீளும். அந்த உழவு வரிகள் கோட்டைக் கரைக்கு அடியில் நுழைந்தால் வயலை அழித்துத்தான் கோட்டை கட்டியிருக்கிறார்கள். பெய்லிக்குள்ளேயே வரிகள் ஓடினால் கோட்டை கைவிடப்பட்டபின் உழுதிருக்கிறார்கள்.

பிற்காலக் கைவேலைகளையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மோட் உச்சியின் நடுவில் பள்ளம் இருந்தால் அது புதையல் தேடியவர்கள் தோண்டியதாக இருக்கலாம், கல்லைப் பெயர்த்து எடுத்த குழியாகவும் இருக்கலாம். கரையில் திடீரென்று ஒரு இடைவெளி இருந்தால் பழைய வாசல் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். வாசலானால் அதற்கு நேரே அகழியில் மண்பாலம் ஒன்று விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் மரப்பாலம் ஊன்ற ஏற்பாடு இருக்கும். வெட்டிய இடம் கூர்மையாக இருந்து, எடுத்த மண் அருகிலேயே அகழிக்குள் தள்ளப்பட்டிருந்தால், பிற்காலத்தில் வண்டிப்பாதைக்காக வெட்டியதுதான்.

நாட்டிங்ஹாம்ஷரின் லாக்ஸ்டனில் இதைப் பழகலாம். வேலியில்லாத பெரிய வயல்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பயிரிடும் திறந்தவெளி வயல் முறை இன்றும் நடக்கும் ஊர் அது. ஊருக்கு வடக்கே உள்ள மோட்டின் உச்சியில் இன்னொரு சிறு மேடு உட்கார்ந்திருக்கும். 1635இல் வரைந்த அந்த ஊரின் நில வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதன் படியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது தனி அனுபவம்.

6. மேடெல்லாம் மோட் அல்ல

காற்றாலை நின்ற மேடுகள் மோட்டைப் போலவே தோன்றும். அளவில் சிறியவை, உச்சியில் சிலுவை வடிவப் பள்ளம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். வெண்கலக் காலப் புதைமேடுகள் பொதுவாகத் தாழ்வானவை, பெய்லி இருக்காது. பெரிய மாளிகைகளின் தோட்டத்தில் காட்சி பார்க்க எழுப்பிய மேடுகளும் உண்டு. சுழன்று ஏறும் பாதை அதன் அடையாளம், ஆனால் பழைய மோட்டையே தோட்ட மேடாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

வில்ட்ஷரில் மார்ல்பரோ மேடு நார்மன் மோட்டாகப் பயன்பட்டது உண்மை. ஆனால் உள்ளே குழாய் இறக்கி எடுத்த மண்ணில் கிடைத்த கரித்துண்டுகளை ரேடியோகார்பன் முறையில் சோதித்து 2011இல் வெளியிட்ட முடிவு, அது கி.மு. 2400 அளவில், புதிய கற்காலத்தில், எழுந்தது என்றது. கிழக்கு யார்க்ஷரின் ஸ்கிப்சி மோட் இன்னும் சுவையானது. ரீடிங் பல்கலைக்கழகத்திலிருந்து ஜிம் லியரியின் குழு இங்கிலாந்தின் மேடுகளைத் துளையிட்டுச் சோதித்தபோது, நார்மன் கோட்டை என்றே நம்பப்பட்ட ஸ்கிப்சி மேடு இரும்புக் காலத்தில், சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்டது என்று 2016இல் தெரியவந்தது. இந்தக் காலக்கணக்கை வெளித்தோற்றத்தை வைத்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. அதனால் குறிப்பேட்டில் '11ஆம் நூற்றாண்டு மோட்' என்று எழுதாதீர்கள். 'உச்சி தட்டையான மேடு, அகழியுடன்' என்று கண்டதை எழுதுங்கள், காலத்தைப் பற்றிய ஊகத்தை வேறு வரியில் எழுதுங்கள்.

7. வரையுங்கள்

புகைப்படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கேமரா எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளும். வரையும்போதுதான் ஒவ்வொரு சரிவும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

தட்டையான இடத்திலிருந்து சரிவை நோக்கி மெதுவாக நடங்கள். முன்கால் பின்காலைவிடத் தாழத் தொடங்கும் இடத்தில் ஒரு குச்சியை மெல்லத் தரையில் கிடத்துங்கள். ஊன்ற வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட மண். ஐந்து மீட்டர் தள்ளி மறுபடியும் அதையே செய்யுங்கள். குச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் சரிவின் மேல்விளிம்பு கிடைத்துவிடும். கீழ்விளிம்புக்கும் அப்படியே. பிறகு டேப்பை நேராக நீட்டிப்போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு குச்சிக்கும் செங்குத்தாக அளந்து 1:500 அளவில் தாளில் குறியுங்கள்.

சரிவைக் காட்டும் குறிக்கு ஹாஷூர் என்று பெயர். நீண்டு மெலிந்த முக்கோணம்; பருத்த தலை மேல்விளிம்பில், மெலிந்த வால் கீழ்விளிம்பில். செங்குத்தான சரிவுக்கு நெருக்கமாகவும், மெல்லிய சரிவுக்கு இடைவிட்டும் போடுங்கள். கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். கோட்டை எந்த வயலில் என்று குறிக்க அது போதும், அகழியின் விளிம்பை வரைய உதவாது. ஒரு மோட்டை இப்படிச் சுற்றி வரைய ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும். அந்தப் பகலில் நீங்கள் கவனிப்பது பத்து முறை வந்து படம் எடுத்தாலும் கிடைக்காது.

8. அடியில் என்ன இருக்கும்

தோண்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்ற ஆசை வரும். ஹென் டொமென் என்ன கற்றுத் தந்தது என்று பாருங்கள். மான்ட்கோமரிக்கு அருகே, எல்லையைத் தாண்டி வேல்ஸ் பக்கம் இருக்கிறது. நார்மன் பிரபு ரோஜர் ஆஃப் மான்ட்கோமரி 1070களில் எழுப்பிய கோட்டை. 1960இல் தொடங்கி 1992 வரை ஃபிலிப் பார்க்கரும் பின்னர் அவரோடு ராபர்ட் ஹையமும் அகழ்ந்தார்கள். குறுகிய குழிகளாக இல்லாமல் பெரிய பரப்பாகத் திறந்து, கைக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி. பெய்லியின் ஒரு பகுதியைத் திறக்கவே அத்தனை ஆண்டுகள் ஆயின. கிடைத்தது பொன்னும் வாளும் இல்லை. கம்பம் நின்ற கறைகள், மக்கிய மரத்தின் நிழல்கள், கட்டடம் மேல் கட்டடமாகப் பலமுறை திருப்பிக் கட்டிய தடங்கள். முற்றம் என்று நாம் காலியாகக் கற்பனை செய்யும் பெய்லி நெருக்கமாகக் கட்டடங்கள் நிறைந்த இடம் என்பது அப்படித்தான் தெரிந்தது. வேகமாகத் தோண்டியிருந்தால் அந்தக் கறைகள் மண்ணோடு மண்ணாக அள்ளிப்போடப்பட்டிருக்கும்.

சர்ரேயின் ஆபிங்கரில் 1949இல் பிரையன் ஹோப்-டெய்லர் மோட் உச்சியைத் திறந்து, மரக்கோபுரத்தின் கம்பக்குழிகளையும் சுற்றுவேலியின் குழிகளையும் கண்டார். ஹெர்ட்ஃபோர்ட்ஷரின் சவுத் மிம்ஸில் வேறு கதை: கோபுரத்தை முதலில் தரையிலேயே நிறுத்திவிட்டு அதைச் சுற்றி மண்ணைக் குவித்திருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மேடுகள்.

தோண்டும் ஆர்வம் இருந்தால் உள்ளூர்த் தொல்லியல் சங்கத்தில் சேருங்கள். ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும் ஒன்று இருக்கும். அனுமதி பெற்ற அகழாய்வில் புதியவர்களுக்கும் இடம் தருவார்கள்.

9. எங்கே தொடங்கலாம், முடித்தபின் என்ன செய்யலாம்

முதல் பயணத்துக்கு வார்விக்ஷரின் பிரிங்க்லோவைச் சொல்வேன். ஃபாஸ் வே என்ற ரோமானியச் சாலையின் ஓரத்தில், சுமார் 12 மீட்டர் உயர மோட், அதையடுத்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெய்லிகள். பொது நடைபாதையும் உண்டு. அடுத்து பர்வெல். மூன்றாவதாக எசெக்ஸின் ப்ளெஷி: மோட்டுக்குப் போக முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், ஆனால் ஊரையே வளைத்து ஓடும் வெளிக்கரையை நடைபாதையிலிருந்தே பார்க்கலாம்.

வரைந்த தாளில் தேதி, வெயில் வந்த திசை, புல்லின் உயரம், நீங்கள் போக முடியாத பகுதி ஆகியவற்றை ஓரத்தில் எழுதிவையுங்கள். அதன் நகலை மாவட்டத் தொல்லியல் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். கரை சரிந்திருந்தாலோ வளைக்கரடி (பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கு) தோண்டியிருந்தாலோ அதையும் படத்தோடு சொல்லுங்கள். ஆனால் வளைக்கரடிப் பொந்தை நீங்கள் தொடக்கூடாது, அதற்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. உரிமையாளர் அனுமதி தந்திருந்தால் அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அடுத்த குளிர்காலத்தில் அதே கதவைத் தட்டும்போது அது உதவும்.